நிமிடந்தோறும் விழிக்கும் கிரான்

காலை 6 மணி 25 நிமிடம் 1 விநாடி. டெபியன் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வரின் பதிவேட்டைத் திறந்தால், இந்த நேரத்துக்கு நேராக ஒரு வரி இருக்கும். நேற்றும் அதே 6:25:01. முந்தாநாளும் அதேதான். சர்வர் அறையில் ஆள் நடமாட்டம் இல்லை. யாரும் லாகின் செய்யவில்லை. ஆனாலும் ஒரு வேலை நேரம் தவறாமல் தொடங்கியிருக்கிறது.

தொடங்கி வைத்தது கிரான் என்ற சின்ன நிரல். காலத்தைக் குறிக்கும் ‘க்ரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இரவில் தரவுத்தளத்தை நகலெடுப்பது, பெருத்துப்போன பதிவேடுகளைச் சுருக்கி ஓரங்கட்டுவது, இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிப்பது, மாதம் பிறந்ததும் பில் அனுப்புவது என்று ஆள் பார்க்காத நேரத்தில் சர்வர்கள் செய்யும் வேலைகளில் பெரும்பகுதியைத் தட்டி எழுப்புவது இதுவோ இதன் வாரிசுகளோதான்.

அந்த 6:25 எங்கிருந்து வந்தது? டெபியனைப் புதிதாக நிறுவியதுமே, கணினி முழுவதற்குமான கிரான் அட்டவணையில் நான்கு வரிகள் இருக்கும். மணிக்கொரு வேலைகள் ஒவ்வொரு மணியின் 17ஆவது நிமிடத்தில். தினசரி வேலைகள் 6:25-க்கு. வார வேலைகள் ஞாயிறு 6:47-க்கு. மாத வேலைகள் 1ஆம் தேதி 6:52-க்கு. ஒன்றுகூட முழு மணியிலோ அரை மணியிலோ இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் நேரம் குறித்தால் 12, 2, 6 என்று வட்டமாகத்தான் குறிப்பார்கள். அந்த நெரிசலில் சிக்காமல் இந்த வேலைகள் தள்ளி நிற்கின்றன. இன்று டெபியனின் தினசரிப் பணிகளில் பல வேறொரு ஏற்பாட்டுக்கு மாறிவிட்டன (அதைப் பின்னால் பார்ப்போம்). அந்த நான்கு வரிகள் மட்டும் இடம் மாறாமல் இருக்கின்றன.

சரி, 6:25 ஆகிவிட்டது என்று கிரானுக்கு எப்படித் தெரிகிறது?

கிரான் கடிகாரத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் பிராசஸரின் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும். உண்மையில் கிரான் பெரும்பாலான நேரம் தூங்குகிறது. அடுத்த நிமிடம் பிறக்க எத்தனை விநாடி மிச்சம் என்று கணக்குப் போடுகிறது. அதோடு ஒரு விநாடியைக் கூட்டி, அவ்வளவு நேரம் கழித்து என்னை எழுப்பு என்று லினக்ஸின் மையமான கெர்னலிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறது. பதிவேட்டில் 6:25:00 என்று இல்லாமல் 6:25:01 என்று விழுவதன் காரணம் இந்தக் கூட்டல்தான். நிமிடம் பிறக்கும் முன்பே விழித்துக்கொண்டு, பழைய நிமிடத்தின் பட்டியலைப் புரட்டிவிடக் கூடாது அல்லவா?

தூங்கப்போகும் நிரலைக் கெர்னல் ஓடுவோர் வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறது. எப்போது எழுப்ப வேண்டும் என்ற குறிப்பை, நேரவாரியாக அடுக்கப்பட்ட ஒரு மர வடிவப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. 2006-இல் வெளியான 2.6.16 பதிப்பிலிருந்து லினக்ஸில் இருக்கும் உயர்துல்லிய டைமர் ஏற்பாடு இது. அந்த மரத்தில் எல்லோருக்கும் முன்னால் எழ வேண்டியவர் யாரோ, அவருடைய நேரத்தை மட்டும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டைமர் சில்லில் குறித்து வைக்கிறது. நேரம் வந்ததும் அந்தச் சில்லிலிருந்து ஒரு மின் குறிப்பு கிளம்புகிறது. இன்டரப்ட் என்பது அதைத்தான். பிராசஸர் கையிலிருந்த வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் கெர்னலுக்குள் தாவுகிறது. கெர்னல் பட்டியலைப் பார்க்கிறது. கிரானை மறுபடி ஓடுவோர் வரிசையில் சேர்க்கிறது. இத்தனைக்கும் பின்னால் இருப்பது, அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு படிகத் துண்டு.

விழித்த கிரான் முதலில், அட்டவணைக் கோப்புகளில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். மாறியிருந்தால் மட்டும் புதிதாகப் படிக்கும். அதன் பிறகுதான் பொருத்தம் பார்க்கும் வேலை.

அட்டவணையின் ஒரு வரி இப்படி இருக்கும்: 25 6 * * *, அதற்குப் பின்னால் ஓட வேண்டிய கட்டளை. ஐந்து கட்டங்களும் இடமிருந்து வலமாக நிமிடம், மணி, மாதத்தின் தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறிக்கு ‘எதுவானாலும் சரி’ என்று பொருள். கிரான் இந்த வரியை எழுத்தாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமும் படிப்பதில்லை. படிக்கும்போதே சின்னச் சின்ன விளக்கு வரிசைகளாக மாற்றிக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 விளக்கு, மணிக்கு 24, தேதிக்கு 31, மாதத்துக்கு 12, கிழமைக்கு 8. மேலே உள்ள வரியில் நிமிட வரிசையில் 25ஆம் விளக்கும் மணி வரிசையில் 6ஆம் விளக்கும் மட்டும் எரியும். மற்ற மூன்று வரிசைகளில் எல்லாமே எரியும். இப்போதைய நேரத்துக்குரிய ஐந்து விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்தால் போதும். ஆயிரம் வரி இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கிழமைக்கு ஏன் எட்டு? ஞாயிறை 0 என்று எண்ணுபவர்கள் உண்டு, 7 என்று எண்ணுபவர்களும் உண்டு. கிரான் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஒன்றை எழுதினால் மற்ற விளக்கையும் ஏற்றிவிடுகிறது.

பொருந்திய வரி கிடைத்ததும் கிரான் தன்னையே பிரதியெடுத்துக்கொள்கிறது. பிறந்த பிரதி இன்னொரு பிரதியைப் பெறுகிறது. இந்தப் பேரப்பிள்ளைதான் உண்மையான வேலையைச் செய்யப்போவது. கிரான் ஓடுவதோ ரூட் என்ற சர்வ அதிகாரத்தோடு. வேலை யாருடையதோ அவருடைய அதிகாரத்தோடு மட்டுமே அது ஓட வேண்டும். ஆகவே பேரப்பிள்ளை முதலில் குழு அடையாளத்தை மாற்றிக்கொள்கிறது, அடுத்து உறுப்பினராக உள்ள மற்றக் குழுக்களை, கடைசியில்தான் பயனர் அடையாளத்தை. வரிசை மாறக் கூடாது. பயனராக முதலிலேயே மாறிவிட்டால், குழுவை மாற்றும் அதிகாரம் கையை விட்டுப் போயிருக்கும். இதெல்லாம் முடிந்ததும் அந்தப் பயனரின் வீட்டு அடைவுக்குள் போய், கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரலான ஷெல்லிடம் கட்டளையைக் கொடுத்து, தானே அந்த ஷெல்லாக மாறிவிடுகிறது.

நடுவில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. பேரப்பிள்ளை வெளியே எழுதுவதை எல்லாம் அது காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு எழுத்து வந்தாலும் போதும், உடனே ஒரு மின்னஞ்சலைத் திறந்து அதில் எழுதத் தொடங்கும். ஒன்றுமே வராவிட்டால் மின்னஞ்சலும் இல்லை. வேலை வெற்றியா தோல்வியா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. வாயைத் திறக்காமல் தோற்றுப்போன வேலைக்கும், வாயைத் திறக்காமல் ஜெயித்த வேலைக்கும் கிரானின் கண்ணில் வித்தியாசமே கிடையாது. இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்கு வரும்போது இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

கிரானின் வரலாறு 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு வரை போகிறது. அப்போது முழுக் கணினிக்கும் ஒரே அட்டவணைக் கோப்பு. அதில் இருப்பதெல்லாம் நிர்வாகியின் அதிகாரத்தில் ஓடும். ஐந்து கட்டங்கள் அன்றைக்கே வந்துவிட்டன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஒரு வேக்ஸ் கணினியைப் பங்கிட்டுக்கொண்டிருந்த 100 பயனர்களுக்கும் இந்த வசதியை விரித்துக் கொடுக்கப் பார்த்தார்கள். கணினி திணறியது. அங்கே இருந்த ராபர்ட் பிரவுன், ஃபிரான்டா, மேலி என்ற இருவர் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்திருந்தார். நிகழ்ச்சிகளை நேரவாரியாக அடுக்கி வைக்கும் முறை பற்றிய கட்டுரை அது. அதைக் கிரானுக்குப் பொருத்தினார். நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா வரிகளையும் துழாவுவதற்குப் பதில், அடுத்து ஓட வேண்டியது எது என்று கண்டுபிடித்து அதுவரை தூங்குவது என்பதே அந்த மாற்றம்.

பிறகு 1987-இல் பால் விக்ஸி தன் கிரானை எழுதிப் பொதுவில் வைத்தார். இன்று லினக்ஸ் உலகில் அதிகம் புழங்குவது அந்தக் குடும்பத்தின் கிரான்தான். டெபியனில் இருப்பது அவருடைய மூன்றாம் பதிப்பின் வழி வந்தது. ரெட்ஹாட் வகைகளில் இருக்கும் குரோனி, 2007-இல் அவருடைய 4.1 பதிப்பிலிருந்து கிளைத்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், விக்ஸி பழைய வழிக்கே திரும்பினார்: நிமிடத்துக்கு ஒருமுறை விழி, எல்லா வரிகளையும் பார், தூங்கு. கணினிகள் வேகமாகிவிட்டதால் சிக்கனம் இரண்டாம்பட்சம் ஆனது, எளிமை ஜெயித்தது. சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுக்கு அருகில் அந்த நிரல் தாக்குப்பிடித்திருப்பதே சாட்சி.

ஆனால் அந்த எளிமைக்குள் சில குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிர்வாகியும் ஒருமுறையாவது இவற்றில் காலை விட்டிருப்பார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒரு வேலை ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் திங்கள் எப்போதும் 1 முதல் 7 தேதிக்குள்தான் வரும். எனவே 0 9 1-7 * 1 என்று எழுதத் தோன்றும். பார்க்க அழகாக இருக்கிறது; நடப்பது வேறு. தேதி, கிழமை இரண்டையுமே குறிப்பிட்டுவிட்டால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். ஆக 1 முதல் 7 வரை தினமும் ஓடும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு திங்களும் ஓடும். மாதம் ஒருமுறைக்குப் பதில் 10 அல்லது 11 முறை. மற்றக் கட்டங்களுக்கெல்லாம் ‘இதுவும் அதுவும்’ என்ற விதி, இந்த இரண்டுக்கு மட்டும் ‘இதுவோ அதுவோ’. கையேட்டில் இது எழுதித்தான் இருக்கிறது. கையேட்டைப் படிக்காதவர்களுக்கு அதே மாதம் தெரியவரும்.

இன்னொன்று, ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை என்ற நினைப்பில் */7 என்று எழுதுவது. 0, 7, 14 என்று போய் 56-இல் ஓடும். அடுத்தது மறுபடி 0. நடுவில் நான்கே நிமிடம். ‘கடைசியாக ஓடி எவ்வளவு நேரமாயிற்று’ என்ற கணக்கே கிரானிடம் இல்லை. எந்த விளக்கு எரிகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

சதவீதக் குறி தனிக் கதை. கட்டளைக்குள் % வந்தால், கிரான் அதை வரி முறிவாக எடுத்துக்கொள்கிறது. காப்பு நகலின் பெயரில் தேதியைச் சேர்க்க, தேதிக் கட்டளைக்கு % தேவைப்படும். அந்த இடத்தோடு கட்டளை துண்டாகிப்போகும். கையால் ஓட்டினால் பழுதில்லாமல் ஓடிய கட்டளை, கிரானில் பாதியில் நின்றுவிடும்.

‘கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை’ என்ற புலம்பலுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒருவர் லாகின் செய்யும்போது, அவருடைய ஷெல் பல அமைப்புக் கோப்புகளைப் படித்து, நிரல்களை எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியலைத் தயார் செய்துகொள்கிறது. கிரான் யாராகவும் லாகின் செய்வதில்லை. அது தரும் தேடல் பட்டியலில் வழக்கமாக இரண்டே இரண்டு அடைவுகள்தான் இருக்கும். தனியாக நிறுவிய பைத்தானோ நோடோ வேறு எங்கோ இருந்தால் கிரானுக்கு அது கிடைக்காது. வீட்டுச் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு மிளகாய்த்தூளை எடுப்பவர், தெரியாத வீட்டில் நின்று தடுமாறுவதைப் போன்றது இது. கட்டளையின் முழுப் பாதையையும் எழுதிவிடுவதே பழகிய நிர்வாகிகளின் வழக்கம்.

கோப்பின் பெயரே குழியாகும் இடமும் உண்டு. டெபியனில் தினசரி வேலைகளுக்கான அடைவுக்குள் ஒரு ஸ்கிரிப்ட்டைப் போட்டால் போதும், தானாக ஓடும். ஆனால் அதன் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. பெயரின் கடைசியில் வழக்கம்போல் ‘.எஸ்ஹெச்’ என்று ஒட்டியிருந்தால், அந்த அடைவை ஓட்டும் நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

விசைப்பலகையே வைத்த குழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் அட்டவணையைத் திருத்த ஒரு பயனர் கிரான்டேப் கட்டளையோடு ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் முழு அட்டவணையும் அழிந்துவிடும்; நிச்சயமாகவா என்று ஒரு கேள்விகூட வராது. ஆங்கில விசைப்பலகையில் இந்த இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அட்டவணையை ஒரு கோப்பாக எழுதி, பதிப்பு மேலாண்மைக்குள் வைத்து, அங்கிருந்தே நிறுவும் பழக்கம் உள்ள அலுவலகங்களுக்கு இதில் பயமில்லை.

இந்தியாவிலும் இலங்கையிலும் உட்கார்ந்து சர்வர்களைப் பார்ப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதிகாலை 2 மணிக்குக் காப்பு நகல் எடுக்க வேண்டுமென்றால் கிரானில் 20:30 என்று எழுத வேண்டும். அது முந்தைய தேதி என்பதை மறக்கக் கூடாது. தினசரி வேலைக்கு இதனால் கஷ்டமில்லை. கிழமை சொல்லும் வேலைக்கு ஒரு நாளைக் கழித்துக்கொண்டால் ஆயிற்று. ஆனால் ‘மாதம் 1ஆம் தேதி அதிகாலை 2 மணி’? பொது நேரத்தில் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு. கடைசி நாள் 31-ஆக இருக்கலாம், 30-ஆக இருக்கலாம், பிப்ரவரியில் 28 அல்லது 29. கிரானின் ஐந்து கட்டங்களில் ‘கடைசி நாள்’ என்று எழுத வழியே இல்லை. சர்வரின் நேர மண்டலத்தை மாற்றிவிட்டுக் கிரானை மறுதொடக்கம் செய்வது ஒரு வழி. குரோனியில் அட்டவணைக்கு மட்டும் தனி நேர மண்டலம் சொல்லலாம்.

நேர மண்டலம் மாறவே மாறாதது என்று எண்ணுவதும் தப்பு. இலங்கை 1996-இல் ஆறரை மணிக்குப் போய், அதே ஆண்டில் ஆறு மணிக்கு இறங்கி, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கே வந்தது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரம் நகர்கிறது. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு அங்கே 2 மணி அடிக்கும்போதே 3 ஆகிவிடும். அன்றைக்கு 2:30 என்ற நேரமே கிடையாது. அந்த நேரத்துக்கு வைத்த வேலை என்ன ஆகும்? விக்ஸி வழி வந்த இன்றைய கிரான்கள் இதை யோசித்து வைத்திருக்கின்றன. மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட தாவல் என்றால், விடுபட்ட வேலைகளை உடனே ஓட்டிவிடும். நவம்பரில் கடிகாரம் பின்னால் வரும்போது, அதே வேலையை இரண்டாம் முறை ஓட்டாது.

சர்வரே அணைந்து கிடந்தால்? மின்சாரம் போய் 6:20-க்கு நின்ற சர்வர் 6:40-க்கு எழுந்தால், அன்றைய 6:25 போனது போனதுதான். சாதாரணக் கிரான் திரும்பிப் பார்க்காது. இதற்காகவே பிறந்தது அனக்ரான். மணிக்கணக்கு அதற்குத் தெரியாது, நாள்கணக்குதான். கடைசியாக எந்தத் தேதியில் ஓடினேன் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, நாள் தவறியிருந்தால் கணினி எழுந்ததும் சில நிமிடம் பொறுத்து ஓட்டிவிடும்.

2010-இல் லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் தொடங்கிய, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, இந்த எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. டெபியனின் தினசரிப் பணிகள் குடிபெயர்ந்ததாக மேலே சொன்னது இங்கேதான். சிஸ்டம்டியின் டைமரில் இரண்டு கோப்புகள்: எப்போது என்பது ஒன்றில், என்ன என்பது இன்னொன்றில். நாள்காட்டி நேரம் மட்டுமல்ல, ‘கணினி எழுந்து 15 நிமிடம் கழித்து’ என்றும் சொல்லலாம். விடுபட்டதைப் பிடித்து ஓட்டச் சொல்லலாம். கட்டளை எழுதியதெல்லாம் தேதி, நேரத்தோடு பதிவேட்டில் ஏறுகிறது. தோற்றால் தோல்வி என்று தனியே குறிக்கப்படுகிறது. ஒரே கட்டளையில் எல்லா டைமர்களும் கடைசியாக எப்போது ஓடின, அடுத்து எப்போது ஓடும் என்ற பட்டியல் வந்து நிற்கிறது. ஒரு வரியில் முடிவதை இரண்டு கோப்பாக எழுத வேண்டியிருக்கிறது என்று பழையவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பட்டியல் ஒன்றுக்காகவே, முக்கியமான வேலைகளை டைமருக்கு மாற்றலாம்.

டைமர்களின் இன்னொரு குணம், வேண்டுமென்றே தாமதிக்கத் தெரிந்திருப்பது. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ்கள் குறுகிய ஆயுள் கொண்டவை; அதன் அடையாளமாக இருந்து வருவது 90 நாள். அவற்றைப் புதுப்பிக்கும் செர்ட்பாட், ஒவ்வொரு சர்வரிலும் நாளுக்கு இரண்டு முறை எழுகிறது: நள்ளிரவு, நண்பகல். உலகெங்கும் உள்ள சர்வர்கள் எல்லாம் அதே விநாடியில் ஒரே வாசலைத் தட்டினால் என்ன ஆகும்? அதனால் டெபியனின் செர்ட்பாட், எழுந்ததும் 0 முதல் 43,200 விநாடிக்குள் ஏதோ ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் கிளம்புகிறது. 43,200 விநாடி என்றால் 12 மணி நேரம். ஒரு வாசலுக்கு வரும் கூட்டத்தை நாள் முழுக்கப் பரப்பிவிடும் கணக்கு இது.

கூகுளும் இதே தலைவலியைச் சந்தித்தது. அங்கே பணிபுரிந்த ஸ்டெபான் டாவிடோவிச், கவிதா குலியானி இருவரும் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் கண்ட தீர்வு இருக்கிறது. அட்டவணையின் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறி போடலாம். ‘எந்த நேரமானாலும் எனக்குச் சரி, நீயே பார்த்துக்கொள்’ என்று பொருள். ஒரே கிரானைப் பல கணினிகளில் சேர்த்து ஓட்டும்போது, ஒன்று விழுந்தால் இன்னொன்று எடுத்து நடத்த வேண்டும். விழுந்தது அந்த வேலையைத் தொடங்கியதா இல்லையா என்று தெரியாவிட்டால்? மறுபடி ஓட்டுவதா, விட்டுவிடுவதா? சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே நல்லது என்பது அவர்கள் முடிவு. சம்பளத்தை இரண்டு முறை அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்பதைவிட, ஒருமுறை விட்டுப்போனதைக் கையால் அனுப்புவது எளிது.

ஒரே கணினியிலும் இரட்டை ஓட்டம் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒருநாள் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டால், முந்தையது முடியும் முன்பே அடுத்ததைக் கிரான் கிளப்பிவிடும். இரண்டும் சேர்ந்து மெதுவாகும். மூன்றாவது வந்து சேரும். எஃப்லாக் என்ற சின்னக் கருவி இதற்குப் போதும். வேலையைத் தொடங்கும் முன் ஒரு கோப்பின் மேல் பூட்டுப் போடச் சொல்கிறது; காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவைத்தால், பூட்டு ஏற்கெனவே விழுந்திருக்கும்போது புதிதாக வந்தது திரும்பிப் போய்விடும்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

2017 ஜனவரி 31. நிரலாளர்கள் தங்கள் குறிமுறைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில், இரண்டு தரவுத்தள சர்வர்களுக்கிடையே நகலோட்டம் தடைப்பட்டிருந்தது. இரவு வெகுநேரம் அதைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைச் சர்வரில் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி. பரவாயில்லை, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகக் காப்பு நகல் எடுத்து அமேசானின் சேமிப்பகத்தில் வைக்கும் ஏற்பாடு இருக்கிறதே என்று அங்கே போய்ப் பார்த்தார்கள். சேமிப்பகம் காலியாக இருந்தது.

வேலை நேரத்துக்குத் தொடங்கித்தான் இருந்தது. ஆனால் தரவுத்தளம் போஸ்ட்கிரஸ் 9.6; நகலெடுக்க ஓடிய கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றுவிட்டது. தோல்வி என்று மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. அந்த மின்னஞ்சல்கள் புறப்படவும் செய்தன. ஆனால் போலி அஞ்சல்களைத் தடுக்கும் டிமார்க் என்ற சரிபார்ப்புக்குத் தேவையானதைக் கிரான் அஞ்சல்களுக்குச் செய்து வைக்கவில்லை. பெறும் சர்வர் அவற்றை ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டது. யாருக்கும் ஒரு வரிகூட வந்து சேரவில்லை.

அவர்களைக் காப்பாற்றியது, விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல். அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்: சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துரைகள், 700 புதிய பயனர் கணக்குகள். நடந்த அத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது கிட்லேப். அந்த நேர்மைக்கு இந்தத் துறை முழுவதுமே கடன்பட்டிருக்கிறது.

அஞ்சல் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொண்டதில்தான் ஆபத்து இருந்தது. இதைத் திருப்பிப் போட்டுவிடலாம். வேலை வெற்றியாக முடிந்த பிறகு, அதன் கடைசி அடியாக, வேறொரு கணினிக்கு ‘முடித்துவிட்டேன்’ என்று ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அது வராவிட்டால் அந்தக் கணினி கூச்சல் போடும். சர்வர் அணைந்து போனாலும், கிரான் நின்றாலும், அட்டவணை அழிந்தாலும், ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலும் விளைவு ஒன்றுதான்: குறிப்பு வராது, அலாரம் அடிக்கும். எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

உங்கள் பொறுப்பில் ஒரு சர்வர் இருந்தால், அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன்பே இன்னொன்று செய்யுங்கள். காப்பு நகல்கள் போய்ச் சேரும் இடத்தைத் திறந்து, கடைசிக் கோப்பின் தேதியையும் அளவையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பிறகு அதை வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள்.